லடாக்கில் குழந்தைகளோடு மலைப்படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சென்னையிலிருந்து இரண்டு முறை லடாக் போய்வந்தோம். முதல் முறை மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இரண்டாம் முறை எட்டும் ஐந்தும். முதல் பயணத்தில் எல்லா இடத்தையும் பார்த்தோம், உருப்படியாக ஒரு படம் தேறவில்லை. இரண்டாவதில் பாதி இடம்தான் போனோம். வீட்டுச் சுவரில் இப்போது தொங்கும் நான்கு படங்களும் அப்போது எடுத்தவை. அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் போனில் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. உடம்பைப் பற்றி இங்கே இருப்பதெல்லாம் உங்கள் குழந்தை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

ஊட்டியில் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, லேக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சிக்கே போனாலும் 2,637 மீட்டர்தான். லடாக்கின் முக்கிய நகரமான லே 3,500 மீட்டர். ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறோம். லேக்கோ டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள், உடம்புக்கு எதுவும் புரிவதற்குள்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைவு. பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும். சென்னையில் வாங்கிய பாக்கெட் லேயில் பலூன் மாதிரி உப்பி நிற்கும். என் மகள் அதை உடைக்கவே விடவில்லை, திரும்பி வரும்வரை பொம்மையாக வைத்திருந்தாள்.

எத்தனை வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாம்?

என்னைக் கேட்டால், நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம். சின்னக் குழந்தைக்கு "தலை வலிக்குது" என்று சொல்லத் தெரியாது, காரணம் அதுதான். பெரியவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தெளிவாகத் தெரிவது, குழந்தையிடம் வெறும் சிணுங்கலாகத்தான் தெரியும். விளையாட மாட்டேன் என்பான், பிடித்த பிஸ்கட்டையே தள்ளிவிடுவான். பயணக் களைப்பு என்று நாம் நினைத்துக்கொள்வோம். மேலே போன முதல் சில நாளில் குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அதை உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதயத்தில் பிறவிக் குறை உள்ள குழந்தை என்றால் மருத்துவர் சொல்லாமல் யோசிக்கவே வேண்டாம். கிளம்பும் வாரத்தில் சளி, நெஞ்சுக் கட்டு என்றால் டிக்கெட் போனாலும் பரவாயில்லை, தள்ளிப்போடுங்கள். மூச்சுத்தொற்று இருக்கும்போது மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுகிறது. உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றிப் பலர் சொல்வார்கள். அது தேவையா, எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். சென்னையில் 98 காட்டியது லேயில் 90-ஐ ஒட்டித்தான் காட்டும். எண்ணைவிடக் குழந்தையின் முகம் நன்றாகச் சொல்லும்.

விமானத்தில் போகலாமா, சாலை வழியாகவா?

நாள் இருந்தால் ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் போங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோஜி லா கணவாய் 3,528 மீட்டர், இரவு தங்கும் கார்கில் 2,676 மீட்டர். ஏறி, இறங்கித் தூங்கி, மறுபடி ஏறுகிற இந்த வழியை உடம்பு ஏற்றுக்கொள்கிறது. வழியெல்லாம் படமும் கிடைக்கும்.

விமானம்தான் என்றால் ஒரு தந்திரம் உண்டு. லேயில் இறங்கியதும் அங்கே தங்காமல், சிந்து நதியை ஒட்டிக் கீழே ஷாம் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். ஆல்ச்சி, உலேதோக்போ பக்கம் எல்லாம் 3,100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். லேயிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நானூறு மீட்டர் கீழே தூங்குவது பெரிய வித்தியாசம். இரண்டாம் பயணத்தில் முதல் மூன்று இரவும் அங்கேதான் இருந்தோம். ஒருவருக்கும் தலைவலி இல்லை.

முதல் இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்களே, கேமராவையும் மூட்டை கட்டிவிடவா?

நல்ல படங்கள் கிடைப்பதே அந்த இரண்டு நாளில்தான்! லேயில் தங்கினால் தெற்கே பார்த்த மொட்டைமாடி உள்ள விடுதியாகப் பாருங்கள். எதிரே ஸ்டோக் மலைத்தொடர் வரிசையாக நிற்கும். அதில் ஸ்டோக் காங்ரி 6,150 மீட்டரைத் தாண்டும். கோடையில் சூரியன் வடகிழக்கில் எழுவதால், விடியலின் முதல் வெளிச்சம் நமக்குத் தெரிகிற பக்கத்திலேயே விழும். ஊர் இன்னும் நீல இருட்டில் கிடக்க, உச்சி மட்டும் ரோஜா நிறமாகும். பத்து நிமிடம்தான். நீங்கள் செய்ய வேண்டியது படுக்கையிலிருந்து மாடிக்கு ஏறுவது மட்டும், அதுவும் மெதுவாக. கீழே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் மூன்று காலை ஒரே மாடியில், ஒரே மலையைப் பார்த்து நின்றேன். முதல் நாள் வெறும் வானம். இரண்டாம் நாள் மேகம் மூடிவிட்டது. மூன்றாம் நாள் மேகம் பாதி விலகி, ஒரு சிகரத்தில் மட்டும் வெயில் அடித்தது. அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றியிருந்தால் கிடைத்திருக்காது.

அப்படியென்றால் எந்த இடங்களுக்குத்தான் போவது?

எங்கள் கணக்கு இது: குழந்தை ஒரு மணி நேரம் விளையாட முடியாத இடத்தில் நமக்குப் படம் கிடைக்காது. மலைப்படம் என்பது பெரும்பாலும் காத்திருப்பது. மேகம் நகர வேண்டும், நிழல் நீள வேண்டும். காருக்குள் அடைபட்ட பிள்ளை பதினைந்து நிமிடத்தில் "போலாம்ப்பா" என்று ஆரம்பித்துவிடும். கூழாங்கல்லும் தண்ணீரும் இருந்தால் அதே பிள்ளையைக் கூப்பிட்டாலும் வராது.

அப்படிப் பார்த்தால் ஹுண்டர் மணல்மேடுகளுக்கு முதலிடம். நுப்ரா பள்ளத்தாக்கில், 3,100 மீட்டரை ஒட்டி, சுற்றிலும் மொட்டை மலைகளுக்கு நடுவே மெரினா மாதிரி மணல், பக்கத்தில் சிற்றோடை, இரட்டைத் திமில் ஒட்டகங்கள். பிள்ளைகள் மணலில் சறுக்கிக்கொண்டிருக்க, மாலை வெயிலில் மணலின் அலைகள் ஒவ்வொன்றாக எழுந்துவரும். சூரியன் மலைக்குப் பின்னே போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் அங்கே நேரம். பக்கத்திலேயே திஸ்கித் மடாலயத்தின் 32 மீட்டர் மைத்ரேயர் (வரப்போகும் புத்தர்) சிலை இருக்கிறது. அதைத் தனியாக எடுக்காமல், பின்னால் ஷியோக் நதிப் படுகையும் வருமாறு தள்ளி நின்று எடுங்கள்.

ஆனால் லேயிலிருந்து நுப்ராவுக்குப் போக 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயைத் தாண்டியாக வேண்டும். அதனால் லேயில் மூன்று நான்கு இரவு பழகிய பிறகுதான் கிளம்ப வேண்டும். மேலே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

அடுத்து ஷே, திக்ஸே பக்கம் சிந்து நதிக் கரை. பாப்லர் மரங்கள், மேயும் ஆடுமாடுகள், எட்டத்தில் குன்றின் மேல் படிப்படியாக வெள்ளை வீடுகள் போல ஏறும் திக்ஸே மடாலயம். ஆற்றின் இழுப்பு பலமாக இருக்கும், ஒரு பெரியவர் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

லாமாயூருவில் ‘நிலவு நிலம்’ என்று அழைக்கும் மஞ்சள் மண்மடிப்புகளை எல்லோரும் மதியம் வண்டியை நிறுத்தி எடுக்கிறார்கள். உச்சி வெயிலில் அது வெறும் மஞ்சள் சுவர். ஒளி சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோதான் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அதற்கு அந்த ஊரிலேயே ஓர் இரவு தங்க வேண்டும். நிம்மு அருகே சிந்துவும் சான்ஸ்காரும் கலக்கும் இடம் மேலிருந்து பார்க்க அழகு, குழந்தைக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கால் மணி நேரம் போதும்.

பாங்காங் ஏரியைப் பார்க்காமல் வந்தால் லடாக் போனதாகுமா?

ஆகும். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.

முதல் பயணத்தில், எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் போட்டுத்தந்த அட்டவணைப்படி லேக்கு வந்த மூன்றாம் நாளே பாங்காங் கூடாரத்தில் தங்கினோம். ஏரி ஏறத்தாழ 4,250 மீட்டர். சாயங்காலம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான், படுக்கவும் மாட்டேன் என்றான். உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது என்று படித்திருந்தேன். பாங்காங்கில் இருந்து லேக்குத் திரும்பும் நேர் வழியோ சாங் லா கணவாய். அது 5,300 மீட்டருக்கும் மேலே. இறங்குவதற்கே ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். இருட்டில் அந்தப் பாதையில் வண்டி எடுக்க டிரைவரும் தயங்கினார். கூடாரத்தில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். லேக்கு வந்து மருத்துவமனையில் காட்டி, மாலைக்குள் மகன் சரியாகிவிட்டான். விடியலில் ஏரி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை.

3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. லேயிலிருந்து பாங்காங் 750 மீட்டர் தாவல். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் என்றால், ஒரு வாரம் பழகியபின், பயணத்தின் கடைசியில் ஓர் இரவு வைத்துக்கொள்ளலாம். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமும் இருக்கிறது. ஆனால் போக வர பத்து மணி நேரத்துக்கும் மேலே காரில், ஏரியில் நிற்பது உச்சி வெயில் நேரத்தில். படத்துக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது.

கார்துங் லா உலகிலேயே உயரமான சாலையா?

இல்லை. பலகை 18,380 அடி என்றது, அளந்தால் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. பலகையோடு ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் கடைசி. ஜூனில் லேயில் ஐந்தேகாலுக்கு முன்பே விடிந்துவிடும், சூரியன் மறைய ஏழரை ஆகும். நல்ல ஒளிக்காக விழித்திருந்தால் பிள்ளைகளின் சாப்பாடும் தூக்கமும் கெடும். செப்டம்பர் கடைசியில் உதயமும் மறைவும் ஆறேகாலை ஒட்டி, நம்மூர் மாதிரி. பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும், கூட்டமும் குறையும். குளிர் கூடுதல்தான், ராத்திரி பூஜ்ஜியத்தை நெருங்கும்.

ஏப்ரலில் ஷாம் பக்கமும் நுப்ராவிலும் பாதாமி மரங்கள் பூக்கும். அழகோ அழகு. பள்ளித் தேர்வு முடிகிற நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன லென்ஸ் எடுத்துப் போவது?

பெரிய மலைக்கு, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்னால் முழுக்கத் தார் ரோடு, தூரத்தில் எறும்புப் புற்று மாதிரி மலை. வைட் லென்ஸ் தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும். 70 முதல் 200 மி.மீ. வரை உள்ள, தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ்தான் மலையை மலையாகக் காட்டுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முகடுகளை நெருக்கி அடுக்கித் தரும். ஒரு கையில் குழந்தை இருக்கும்போது லென்ஸ் மாற்ற முடியாது, அதனால் 24-105 அல்லது 18-135 போன்ற ஒரே லென்ஸோடு போனாலும் தப்பில்லை.

இன்னொன்று. லடாக்கின் மலைச்சரிவுகளில் மரம் இல்லை, வீடு இல்லை, அளவு சொல்ல எதுவுமே இல்லை. ஆறாயிரம் மீட்டர் மலையும் செங்கல் சூளை மண்மேடும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். அங்கேதான் பிள்ளைகள் உதவுகிறார்கள். சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு சின்ன உருவம் சட்டத்தின் ஓரத்தில் நடந்தால் போதும், மலை சட்டென்று வளர்ந்துவிடும். ஸ்வெட்டர் வாங்கும்போதே சிவப்பு, மஞ்சள் என்று வாங்குங்கள். பழுப்பு மண்ணில் பழுப்புக் குல்லா காணாமல் போகும். "இங்கே பாரு, சிரி" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அவர்கள் போக்கில் நடக்கட்டும், முதுகு தெரிந்தால்கூட நல்லது.

போலரைசர் ஃபில்டர் வேண்டுமா?

பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தின் நீலத்தைக் கூட்ட லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி அது. வானத்துக்கு வேண்டாம். அந்த உயரத்தில் தூசியும் ஈரமும் குறைவு, வானம் ஏற்கெனவே மை ஊற்றியது மாதிரி இருக்கும். அதில் போலரைசரை முழுக்கத் திருகினால் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். வைட் லென்ஸில் இன்னும் மோசம்: வானத்தின் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெளிர் நீலம். முதல் பயணத்தில் ஒரு நாள் முழுக்க அப்படி எடுத்துத் தொலைத்தேன். ஓடையின் அடியில் கிடக்கும் கற்களைக் காட்ட மட்டும் நன்றாக உதவும்.

வெள்ளை ஸ்தூபியும் பனியும் சாம்பலாக வருகின்றனவே?

கேமரா எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கிறது. எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை கூட்டுங்கள், வெள்ளை வெளுத்துப்போகாமல் ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடத்தை) பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் நிழலில் ஏறும் நீலத்தையும் பிறகு சரிசெய்யலாம்.

போன் போதாதா?

பகலுக்குப் போதும். மலை மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் இருட்டாக்கி எடுங்கள். ப்ரீபெய்டு சிம்மை நம்பிப் போகாதீர்கள். வெளிமாநில இணைப்பென்றால் அங்கே போஸ்ட்பெய்டுதான் வேலை செய்யும்.

பால்வீதியை எடுக்க ஹான்லே போகலாமா?

செயற்கை வெளிச்சம் கெடுக்காமல் காக்கும் இருண்ட வானக் காப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்ட, கிழக்கு லடாக்கில் உள்ள இடம் அது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ஆனால் கிராமமே 4,300 மீட்டரை ஒட்டி இருப்பதால் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். ஹுண்டரிலோ ஷாம் கிராமத்திலோ அமாவாசையை ஒட்டித் தங்கினாலே போதும். செப்டம்பர் கடைசியில் எட்டு மணிக்குள் முழு இருட்டு வந்துவிடும், பால்வீதியின் அடர்ந்த பகுதி அப்போதே தென்மேற்கில் நிற்கும். பிள்ளைகள் தூங்கப் போவதற்கு முன் பார்த்துவிடலாம். ட்ரைபாட், எஃப் 2.8, 20 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்குங்கள். என் மகன் டார்ச்சைப் போட்டு மூன்று படத்தைக் கெடுத்தான். நாலாவதில் அந்த டார்ச் வெளிச்சம் ஒரு களத்துமேட்டுச் சுவரில் விழுந்து, மூன்றையும் ஈடுகட்டிவிட்டது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

சாதம், பருப்பு, தயிர் எங்கும் கிடைக்கும். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பைப் பிள்ளைகள் விரும்பிக் குடித்தார்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் கஞ்சி மாவும் கொண்டுபோனோம். லேயில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் ‘இரண்டு நிமிட’ நூடுல்ஸ் ஐந்தாறு நிமிடம் எடுக்கும். பசி குறைவாக இருந்தாலும் தண்ணீரை அடிக்கடி கொடுங்கள். ஓஆர்எஸ் பையில் இருக்கட்டும்.

குளிரும் தூசியும் கேமராவைக் கெடுக்குமா?

பேட்டரியைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வையுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டால் லென்ஸில் ஈரம் படியாது. ஹுண்டர் மணலில் லென்ஸ் கழற்றவே வேண்டாம். குழந்தையின் தோலும் கண்ணும் கேமராவைவிடச் சீக்கிரம் பாதிக்கும்: ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போல ஏறும். கூலிங்கிளாஸ் விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லாமல் நல்லதாக வாங்குங்கள்.

எதை எடுக்கக் கூடாது?

ராணுவ முகாம், ராணுவ வண்டி வரிசை, சோதனைச் சாவடி, பாலம் எதுவும் வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், எல்லைப் பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. ஆல்ச்சி கோயில்களுக்குள் இருக்கும் சுவரோவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை. மர்மோட்டுகளை (பெரிய அணில் மாதிரியான மலைவிலங்கு) எட்ட நின்று எடுங்கள், பிஸ்கட் போட்டுக் கூப்பிடாதீர்கள். பிள்ளைகள் கெஞ்சத்தான் செய்வார்கள். ஆட்களை எடுக்கும் முன் கேளுங்கள். என் மகள் "ஜூலே" என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டாள், அதற்குப் பிறகு எந்தப் பாட்டியும் மறுத்ததில்லை.

இருவருக்குமே படமெடுக்கும் ஆசை. பிள்ளைகளை யார் பார்ப்பது?

நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். விடியல் ஒருவருக்கு, மாலை மற்றவருக்கு. லேயில் காலை மாடி என் முறை. ஷாமில் காலை நேரத்தை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, நான் அறையில் பால் ஆற்றினேன். அவள் படங்கள் என்னுடையதைவிட நன்றாக வந்தன. சுவரில் தொங்கும் நான்கில் மூன்று அவள் எடுத்தவை. அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.